நித்தியகல்யாணியும் புற்றுநோய் மருந்தும்

நித்தியகல்யாணிச் செடியை அறியாதார் இலர். மயானத்தோரங்களில் தானே பூத்து நிற்பதால் சுடுகாட்டுப்பூ என்ற பெயரும் அதற்குண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மானாவாரிப் பயிராகவும் விளைகிறது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி புற்றுநோய்க்கு மருந்தான வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

ஜமைக்காத் தீவினர் இதன் இலைக் கஷாயத்தை நீரிழிவுக்கு அருந்தி வந்தனர். 1952-ஆம் ஆண்டில் அவ்விலைகள் கனடா நாட்டுக்கு ஆராய்ச்சிக்காக அனுப்பப்பட்டன. ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் அறிஞர்கள் அவற்றின் சாற்றை எலிகளுக்கு ஊசிமூலம் செலுத்தினர். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்களே வெகுவாகக் குறைந்தன. வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இச்சாறு உதவக்கூடுமன்றோ? அவ்வாராய்ச்சியின் பயனாக 1958-இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. அதே இலையில் பின்னர்க் கண்டறியப்பட்ட வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இம்மருந்தின் வேலை நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். உயிரணு இரண்டாகப் பிரியுங்கால், அதனுள் நுண்ணிய இழைகள் ஓடிக் கதிர் போன்று அமைகின்றன. அவ்விழைகளே மரபுப்பொருளை இருபுறமும் சமமாகப் பங்கிடுகின்றன. மருந்து அவ்விழைகளை உருவாகவொட்டாமல் தடுக்கிறது. பாவு ஓடாத தறியில் துணி வளராதவாறு, அணுவும் பெருக இயலாமல் மடிகிறது.

முன்னர்க் குழந்தைகளுக்குக் கடும் இரத்தப் புற்றுநோய் கண்டால் சில மாதங்களில் மரணம் என்றிருந்தது. இன்று வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளுடன் சேர்த்து அளிக்கும் நல்ல மருத்துவமனைகளில் அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

இதனைக் கேட்டு இலையை அரைத்துக் குடிக்க எவரும் முற்படலாகாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். மேலும், உடலுக்குக் கேடு செய்யும் வேறு பல பொருள்களும் இலையில் கலந்துள்ளன. தூய்மைப்படுத்திய மருந்தும் நரம்புகளைத் தாக்கவல்லது. அளவறிந்து இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்தத்தக்கது. தண்டுவட நீரில் தவறிச் செலுத்தினால் உயிர் போகும். கஷாயத்தை நம்பிக் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் நோய்க்கே ஆதாயமாகும்.

இனி, பயிரிடுவோர்க்குச் சில சொற்கள். விதைக்குமுன் வாங்குவோர் யார், விலை யாது என்பதை எழுத்துமூலம் உறுதி செய்து கொள்க. ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் இலை உருவலாம். ஓராண்டில் வேரும் எடுக்கலாம். வேரிலுள்ள அஜ்மலிசின் இரத்த அழுத்த நோய்க்குப் பயன்படுவதால் அதற்குத் தனி விலையுண்டு. ஆகவே இலையையும் வேரையும் நிழலில் உலர்த்தித் தனித்தனியே மூட்டை கட்டுக. தனியாக விற்பதினும், பலர் கூடிச் சங்கத்தின் வாயிலாக எடையிட்டு விற்பதே நலம்.

விளைவித்தவர் வீட்டிலேயே குழந்தைக்கு விடாத காய்ச்சலும், உடல் வெளுப்பும், காரணமின்றித் தோன்றும் இரத்தக்கட்டும் காணின், வயலிலுள்ள இலையை நாடாது அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.