ஒன்றியத்தை விட்டு விலகும் நாடு: சட்டமும் வணிக விதிகளும் எவ்வாறு மாறுகின்றன?

நம் வங்கியின் வாடிக்கையாளர்களுள் ஏற்றுமதி, இறக்குமதித் தொழிலில் ஈடுபட்டிருப்போர் பலர். அவர்களுள் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் சரக்கு அனுப்புவோர், கடந்த சில ஆண்டுகளில் ஒரு மாற்றத்தைத் தம் ஆவணங்களிலேயே கண்டிருப்பர். முன்பு ஒரே சந்தையாக விளங்கியது இன்று இரண்டு சந்தைகளாகிவிட்டது. ஒரு நாடு தான் சேர்ந்திருந்த பொருளாதார ஒன்றியத்தை விட்டு விலகும்போது அதன் சட்டங்கள் என்னவாகின்றன, சுங்க விதிகள் எப்படி மாறுகின்றன, தொலைவில் இருக்கும் நமக்கு அதனால் என்ன விளைவு என்பவற்றைப் பிரிட்டனின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் அறிவோம்.

இரண்டு சொற்களின் பொருள்

முதலில் இரண்டு கருத்துகளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். அவை சுங்க ஒன்றியம், பொதுச் சந்தை என்பன.

சுங்க ஒன்றியத்தில் உறுப்பு நாடுகள் தமக்குள் சுங்கவரி விதிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் பொருள்களுக்கு அனைத்து நாடுகளும் ஒரே வரிவிகிதத்தை விதிக்கின்றன. எனவே ஒரு துறைமுகத்தில் வரி செலுத்தி உள்ளே நுழைந்த சரக்கு, மற்ற உறுப்பு நாடுகளுக்குள் மீண்டும் வரியின்றிச் செல்லலாம்.

பொதுச் சந்தை இதனினும் ஆழமானது. பொருளின் தரம், பாதுகாப்பு, முத்திரை, தொழில் உரிமம் ஆகியவற்றிலும் விதிகள் ஒன்றாக இருப்பதால், ஒரு நாட்டில் விற்கத் தகுதி பெற்றது எல்லா நாடுகளிலும் விற்கத் தகுதி பெறுகிறது.

இவ்விரண்டும் எப்போதும் இணைந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. நார்வே பொதுச் சந்தையில் பங்கு பெறுகிறது; சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி தொழிற்பொருள்களுக்கு ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியம் கொண்டுள்ளது. பொதுச் சந்தையில் இல்லை. பிரிட்டனோ இரண்டையும் விட்டு விலகியது. மாற்றங்கள் இவ்வளவு விரிவாக அமைந்ததற்குக் காரணம் இதுவே.

விலகலின் படிகள்

1973 ஜனவரி 1 அன்று அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்தது. 2016 ஜூன் 23 அன்று நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகலை ஆதரித்து வாக்களித்தனர். 2017 மார்ச் 29 அன்று விலகல் அறிவிப்பு முறையாக வழங்கப்பட்டது. 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. எனினும் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை இடைக்காலமாகப் பழைய விதிகளே தொடர்ந்தன. வணிகர்கள் உண்மையில் மாற்றத்தை உணர்ந்த நாள் 2021 ஜனவரி 1.

வாக்களித்த நாளுக்கும் விதி மாறிய நாளுக்கும் இடையே நான்கரை ஆண்டுகள் கழிந்ததைக் கவனிக்க வேண்டும். ஓர் ஒன்றியத்தை விட்டு விலகுவது ஒரு நாளில் முடியும் செயல் அன்று.

சட்டங்கள் என்னவாயின?

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஐரோப்பிய விதிகள் பிரிட்டனின் சட்டத்தோடு பின்னிப் பிணைந்திருந்தன. உணவுப் பாதுகாப்பு, வேதிப்பொருள், வேலைநேரம், நுகர்வோர் உரிமை, தரவுப் பாதுகாப்பு எனப் பல துறைகள் அவற்றையே சார்ந்திருந்தன. அவற்றை ஒரே நாளில் நீக்கியிருந்தால், மறுநாள் காலையில் பல துறைகளில் சட்டமே இல்லாத நிலை தோன்றியிருக்கும்.

இவ்வெற்றிடத்தைத் தவிர்க்க 2018ஆம் ஆண்டு விலகல் சட்டம் ஒரு வழியைக் கையாண்டது. ஐரோப்பியச் சட்டத்திற்குப் பிரிட்டனில் வழிவகுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை அது நீக்கியது. அதே வேளையில், 2020 டிசம்பர் 31 அன்று நடைமுறையில் இருந்த ஐரோப்பிய விதிகளை உள்நாட்டுச் சட்டமாகவே தக்கவைத்தது. வீட்டை இடிக்காமல், உரிமைப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டதற்கு இதனை ஒப்பிடலாம். அறைகளை மாற்றியமைக்கும் பணி பிற்பாடு தொடங்கியது.

அப்பணிக்காக 2023இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், ஏறத்தாழ 600 பழைய விதிகளை அவ்வாண்டு இறுதியில் நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல், எஞ்சிய விதிகளுக்கு உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டிலும் மேலான தகுதி இல்லாது போயிற்று. 2020ஆம் ஆண்டு இறுதிக்குப் பின் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கும் தீர்ப்புகள் பிரிட்டனின் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை.

இதன் விளைவை ஏற்றுமதியாளர் நன்கு உணர வேண்டும். முதல் நாளில் இரண்டு சந்தைகளின் விதிகளும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருந்தன. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அவை சிறிது சிறிதாக வேறுபட்டு வருகின்றன. வேதிப்பொருள் பதிவு இன்று இரண்டு இடங்களிலும் தனித்தனியே நடைபெறுகிறது. நேற்று பிரிட்டனுக்குப் பொருந்திய சான்று இன்று ஐரோப்பாவுக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது.

வணிக முத்திரையிலும் இதே நிலைதான். 2020 இறுதிக்குள் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு பெற்றிருந்த முத்திரைகளுக்குப் பிரிட்டன் தானாகவே தனிப்பதிவு வழங்கியது. அதன் பின்னர் விண்ணப்பிப்போர் இரண்டு சந்தைகளிலும் பாதுகாப்பு வேண்டுமெனில் இரண்டு பதிவுகள் பெற வேண்டும்.

சுங்கவரி இல்லை, ஆனால் சுங்கச் சாவடி உண்டு

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2020 டிசம்பர் 24 அன்று ஒரு வணிக ஒப்பந்தத்திற்கு உடன்பட்டன. அது 2021 ஜனவரி 1 முதல் தற்காலிகமாகவும், மே 1 முதல் முழுமையாகவும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரு தரப்பிலும் உருவான பொருள்களுக்குச் சுங்கவரியும் இல்லை. அளவுக் கட்டுப்பாடும் இல்லை.

அவ்வாறாயின் என்ன மாறியது என்று வினவத் தோன்றும். வரி நீங்கினாலும் எல்லை நீங்கவில்லை என்பதே விடை. சுங்க அறிவிக்கை, கால்நடைப் பொருள்களுக்கும் தாவரங்களுக்கும் நலச்சான்று, ஆய்வு, மதிப்புக்கூட்டு வரிக் கணக்கு ஆகியவை அனைத்தும் புதிதாக வந்து சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் முதல் நாளிலிருந்தே முழு ஆய்வைத் தொடங்கியது. பிரிட்டன் தன் பக்கத்து ஆய்வைப் பலமுறை ஒத்திவைத்தது. ஐரோப்பிய உணவுப் பொருள்களுக்கான நலச்சான்று 2024 ஜனவரி 31 முதலும், நேரடி ஆய்வு அவ்வாண்டு ஏப்ரல் 30 முதலும் நடைமுறைக்கு வந்தன.

வட அயர்லாந்தின் நிலை தனித்தன்மையது. அயர்லாந்துக் குடியரசுடன் அதற்குள்ள நில எல்லையில் மீண்டும் சாவடிகள் எழுந்தால், 1998ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கைக்கு ஊறு நேரும் என்ற அச்சம் இருந்தது. ஆகவே சரக்குகளைப் பொறுத்தவரை அங்கு ஐரோப்பிய விதிகள் பல தொடர்கின்றன. 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட வின்ட்ஸர் ஏற்பாட்டின்படி, வட அயர்லாந்திலேயே தங்கிவிடும் சரக்குக்குப் பச்சை வழியும், ஐரோப்பாவுக்குள் செல்லக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழியும் வகுக்கப்பட்டன.

தோற்ற விதி: இலாபத்தை விழுங்கும் இடம்

நம் ஏற்றுமதியாளர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய பகுதி இது. பிரிட்டன்–ஐரோப்பா ஒப்பந்தத்தின் வரிவிலக்கு, அவ்விரு தரப்பில் ‘உருவான’ பொருள்களுக்கு மட்டுமே உரியது. பிரிட்டனிலிருந்து கப்பல் ஏறியதனால் மட்டும் ஒரு பொருள் பிரிட்டன் பொருளாகிவிடாது. எங்கு உருவாயிற்று என்பதைத் தீர்மானிக்கும் விதிகளே தோற்ற விதிகள். ஆடைகளுக்குப் பொதுவாகத் துணி உருவாக்கம், தையல் ஆகிய இரண்டு நிலைகளும் அங்கேயே நடைபெற்றிருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனம் 10,000 பவுண்டு மதிப்புள்ள ஆடைகளைப் பிரிட்டனில் உள்ள கிடங்கிற்கு அனுப்பி, அங்கிருந்து பாதியை அயர்லாந்துக் குடியரசுக்கும் ஜெர்மனிக்கும் பிரித்து விற்று வந்தது எனக் கொள்வோம். வரிவிகிதம் இரு சந்தைகளிலும் 12 சதவீதம் என்றும், சலுகை எதுவும் இல்லை என்றும், கணக்கை எளிதாக்க எல்லா இடத்திலும் மதிப்பு ஒன்றே என்றும் கொள்வோம்.

2020 வரை, பிரிட்டன் துறைமுகத்தில் 1,200 பவுண்டு வரி செலுத்தினால் போதும். அதன்பின் சரக்கு எங்கும் தடையின்றிச் செல்லும்.

2021 முதல், அதே 1,200 பவுண்டைப் பிரிட்டனில் செலுத்திய பின், ஐரோப்பாவுக்குள் நுழையும் 5,000 பவுண்டுச் சரக்குக்கு மீண்டும் 600 பவுண்டு செலுத்த வேண்டும். ஏனெனில் அது இந்தியப் பொருளே. பிரிட்டன் பொருள் அன்று. மொத்தச் சரக்கில் நிறுவனத்தின் இலாபம் 8 சதவீதம், அதாவது 800 பவுண்டு எனில், அதில் முக்கால் பங்கு இந்த ஓர் எல்லையிலேயே கரைந்துவிடும். வரிவிகிதம் உயரவில்லை, ஆடையின் தரம் குறையவில்லை, வழி மட்டுமே தவறாகிவிட்டது.

இதனைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஐரோப்பாவுக்குரிய பங்கை நேராக ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப், ஹாம்பர்க் போன்ற துறைமுகங்களுக்கு அனுப்புவது ஒன்று. பிரிட்டனில் வரி செலுத்தாமல் சரக்கை வைத்திருக்க அனுமதிக்கும் சுங்கக் கிடங்கில் இறக்கி, அங்கிருந்து மறு ஏற்றுமதி செய்வது மற்றொன்று. இரண்டில் எது இலாபகரமானது என்பது ஏற்றுச்செலவையும் சரக்கின் அளவையும் பொறுத்தது.

புதிய கதவும் திறந்தது

ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டன் தனியாக வணிக ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது; அது ஒன்றியத்தின் அதிகாரம். இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்திற்கும் 2007இல் தொடங்கிய பேச்சு 2013இல் தடைபட்டு, 2022இல்தான் மீண்டும் தொடங்கியது. விலகிய பின் பிரிட்டன் தனக்கென வரி அட்டவணையை 2021 முதல் வகுத்துக்கொண்டது. வளரும் நாடுகளுக்கான தனது சலுகைத் திட்டத்தை 2023 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியது.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் விரிவான பொருளாதார, வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியப் பொருள்களுக்கான வரி வரிசைகளில் ஏறத்தாழ 99 சதவீதத்திற்குப் பிரிட்டனில் வரியை நீக்க அது வழிசெய்கிறது. ஆடை, தோல் பொருள், காலணி, கடல் உணவு ஆகிய துறைகளுக்கு இது பெரும் வாய்ப்பாகும். எனினும் இங்கும் தோற்ற விதியே திறவுகோல். வேறு நாட்டில் உருவாகி இந்தியா வழியாகச் செல்லும் பொருளுக்கு இச்சலுகை கிடையாது. மேலும், கையெழுத்தான நாள் வேறு, நடைமுறைக்கு வரும் நாள் வேறு என்பதை மறவாமல், விலை பேசும் முன் அந்நாளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பணமும் பூசலும்

வாக்கெடுப்பு முடிவு வெளியான 2016 ஜூன் 24 அன்று, ஒரே நாளில் பவுண்டின் மதிப்பு ஏறத்தாழ 1.50 டாலரிலிருந்து 1.32 டாலர் வரை சரிந்தது. பவுண்டில் விலை பேசி, பாதுகாப்புச் செய்யாதிருந்த ஏற்றுமதியாளரின் வருவாயும் அன்றே சுருங்கியது. சட்ட மாற்றம் வருவதற்கு முன்பே செலாவணிச் சந்தை மாறிவிடும் என்பதே இதன் படிப்பினை. முன்பேரச் செலாவணி ஒப்பந்தம் இத்தகைய இடருக்கான எளிய காப்பு.

ஒப்பந்தத்தில் பூசல் எழுந்தால் என் செய்வது? பிரிட்டன் உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஐரோப்பிய நாடுகளில் எளிதாக நிறைவேற வழிசெய்த பழைய ஏற்பாடு முடிவுற்றது. ஆனால் அத்தீர்ப்பை இந்தியாவில் நிறைவேற்ற, நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவு அளிக்கும் வழி விலகலால் மாறவில்லை. நடுவர் தீர்ப்புக்கு 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை தொடர்ந்து துணை நிற்கிறது. ஆகவே பல நாடுகள் தொடர்புடைய விற்பனையில் நடுவர் தீர்ப்பு விதியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது பாதுகாப்பானது.

வாடிக்கையாளர்கள் சரிபார்க்க வேண்டியவை

1. சரக்கு இறுதியாகச் சென்று சேரும் நாடு எது? பிரிட்டனா, ஐரோப்பிய ஒன்றியமா, வட அயர்லாந்தா?
2. அச்சந்தைக்குரிய தோற்றச் சான்று எது? அதனை வழங்கத் தங்கள் நிறுவனம் பதிவு பெற்றுள்ளதா?
3. சுங்கவரியையும் மதிப்புக்கூட்டு வரியையும் செலுத்துவோர் விற்பவரா, வாங்குபவரா என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக உள்ளதா?
4. லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் கோரப்பட்டுள்ள ஆவணங்கள் இன்றைய விதிகளுக்கு ஏற்றவையா, அல்லது பழைய படிவத்தின் நகலா?
5. பவுண்டு, யூரோ ஆகிய இரண்டில் எதில் விலை பேசப்பட்டுள்ளது? செலாவணி இடருக்குக் காப்பு உண்டா?
6. வணிக முத்திரை இரு சந்தைகளிலும் பதிவாகியுள்ளதா?

ஒன்றியங்கள் அமைவதும் அவற்றை விட்டு நாடுகள் விலகுவதும் அரசியல் முடிவுகள். அவற்றின் நன்மை தீமைகளை அந்நாட்டு மக்களே முடிவு செய்வர். ஆயினும் அம்முடிவின் சுமை, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரின் கூலியிலும் வந்து இறங்குகிறது. விதி மாறுவதை நம்மால் தடுக்க இயலாது; மாறிய விதியை உரிய காலத்தில் அறிந்துகொள்ள இயலும். அடுத்த சரக்குக்கு விலை பேசும் முன், தங்கள் கிளையின் அன்னியச் செலாவணிப் பிரிவை ஒருமுறை கலந்துகொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.