கல்லூரியும் பொருளுதவியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிக் கல்வி பெரும் பொருட்செலவை வேண்டுவது. ஆதலின் ஆங்குள்ள கல்லூரிகள் பல, மாணவரின் குடும்பநிலையை ஆராய்ந்து உதவி வழங்குகின்றன. ஓராண்டுச் செலவிலிருந்து, குடும்பம் தாங்கக்கூடிய தொகையைக் கழித்தால் எஞ்சுவதே 'தேவை' எனப்படும். கழித்தல் எளிது, குடும்பம் தாங்கக்கூடியது எவ்வளவு என்பதிலேதான் கல்லூரிகள் வேறுபடுகின்றன.

ஒரு தச்சரின் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஊதியம் சிறிது, பாட்டனார் விட்டுச்சென்ற வீடு ஒன்று உண்டு. நகரம் வளர வளர அவ்வீட்டின் விலையும் ஏறிவிட்டது. கூட்டாட்சி அரசின் விண்ணப்பம் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்பதில்லை. தனியார் கல்லூரிகள் பல வேண்டும் மற்றொரு விண்ணப்பமோ அதனையும் கேட்கும். கூரையைப் பெயர்த்துக் கட்டணம் செலுத்த இயலுமோ? ஆயினும் அத்தச்சர் ஒரு கணக்கில் ஏழை, மற்றொன்றில் பொருளுடையவர். ஹார்வர்டு பல்கலைக்கழகம், வீட்டின் மதிப்பைக் கணக்கில் கொள்வதில்லை என்று 2007 ஆம் ஆண்டில் அறிவித்தது.

தேவையை நிறைவு செய்யும் முறையும் ஒன்றன்று. தச்சர் மகளின் தேவை 40,000 டாலர் எனக் கொள்வோம். ஒரு கல்லூரி அத்தொகை முழுவதையும் திருப்பித்தர வேண்டாத கொடையாக அளிக்கும். பிறிதொன்று 25,000 டாலரே அளிக்கும். அதிலும் 5,000 டாலர் கடனாக இருக்கும். எஞ்சிய 15,000 டாலருக்கு அவள் எங்கே போவாள்? இரு கடிதங்களிலும் 'உதவி' என்றே எழுதியிருக்கும்! பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001 ஆம் ஆண்டில் கடனை நீக்கிக் கொடையே வழங்க முற்பட்டது. பெருநிதி படைத்த நிறுவனத்திற்கே அது எளிதாகும். நிதி குறைந்த கல்லூரிகள் சில, மிகுந்த உதவி வேண்டுவோரைச் சேர்த்துக்கொள்ளவே தயங்குவதும் உண்டு.