22 வாரக் கர்ப்பம்: கணுக்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு இது 22-வது வாரம். மழையில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் கணுக்கால் எலும்பு முறிந்து விலகிவிட்டது. முதுகில் ஊசி போட்டு பிளேட் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். 'மயக்க மருந்து பிள்ளையைப் பாதிக்கும், பிரசவம் முடியட்டும்' என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தள்ளிப்போடாதீர்கள், அம்மா. பிரசவத்துக்கு இன்னும் 18 வாரம் இருக்கிறது. விலகிய எலும்பு அதுவரை காத்திருக்காது, கோணலாகக் கூடிவிடும். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே அதிகம். காலை அசைக்காமல் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்த இந்த நடு மாதங்கள்தான் ஆபரேஷனுக்கு ஏற்ற காலமும்கூட.

முதுகில் போடும் மருந்து இரண்டு, மூன்று மில்லிக்கு மேல் போகாது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். மகள் விழித்தே இருப்பாள். குழந்தையைச் சென்றடையும் மருந்து மிகச் சொற்பம். சிசேரியனுக்குப் போடுவதும் இதே ஊசிதான் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லுங்கள். முழு மயக்கத்தைவிட இதையே நான் விரும்புவது தாய்க்காகவும்தான். கர்ப்பிணிகளுக்குத் தொண்டைத் திசுக்கள் வீங்கியிருப்பதால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவது கடினம். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் பயமும் உண்டு. ஒருவேளை முழு மயக்கமே தேவைப்பட்டாலும் கலங்காதீர்கள். இன்று வழக்கமான அளவில் தரும் மயக்க மருந்து எதுவும் பிறவி ஊனத்தை உண்டாக்குவதாக மனிதர்களில் நிரூபணமாகவில்லை.

உண்மையில் மயக்க மருத்துவர்களான நாங்கள் விழிப்பாக இருப்பது வேறொன்றில்: ஊசி போட்டதும் தாயின் பி.பி. இறங்கலாம். இறங்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தி பி.பி.யை இன்னும் இறக்கும். அதனால்தான் வலது இடுப்புக்கடியில் தலையணை வைத்து இடப்பக்கம் சாய்க்கிறோம், பி.பி.யை அடிக்கடி பார்த்து, இறங்கினால் உடனே மருந்து தருகிறோம். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்பது வீண் பயம். குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம், சிலருக்குத் தலைவலி வரலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்குப் பாராசிட்டமால் தரலாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தராதீர்கள்; 20 வாரத்துக்குப் பின் அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மகள் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஊசி போட்டுக்கொள்பவள் என்றால், கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பதை மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.