37 குதிரை, இரண்டு கார்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பழைய கார் வாங்கக் கிளம்பினால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது எத்தனை ஹெச்.பி.?" அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஊரின் அம்பாசடர் டாக்சியே சாட்சி.

உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரின் 1489 சிசி டீசல் எஞ்சினுக்குச் சுமார் 37 குதிரைத்திறன். கார்புரேட்டர் வைத்த மாருதி 800-க்கும் அதே 37தான். இரண்டையும் ஓட்டியவருக்கு வித்தியாசம் தெரியும். மாருதி ஏறத்தாழ 650 கிலோ. அம்பாசடர் ஒரு டன்னைத் தாண்டும். டன்னுக்கு எத்தனை குதிரை என்று வகுத்துப் பாருங்கள்: மாருதிக்கு 57, அம்பாசடருக்கு 33 அல்லது 34. சிக்னலில் மாருதி முந்துவது இதனால்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மாருதி தன் 37-ஐ 5000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 5000 சுற்றில், எட்டுகிறது. அந்த டீசல் சுமார் 4000-லேயே எட்டிவிடும். கிலோவாட்டை 9549-ஆல் பெருக்கி, ஆர்பிஎம்மால் வகுத்தால் டார்க், அதாவது முறுக்குவிசை, கிடைக்கும். 37 குதிரை என்பது 27.6 கிலோவாட். ஆக, அந்த உச்சத்தில் மாருதிக்கு 53 நியூட்டன் மீட்டர், அம்பாசடருக்கு 66. ஹௌரா பாலத்து நெரிசலில் எஞ்சின் 2000-ஐத் தாண்டுவதே அபூர்வம். அங்கே உதவுவது கீழ்ச்சுற்றில் கிடைக்கும் இழுவை. குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஆர்பிஎம்மை நான் எப்போதும் முதலில் படிப்பேன்.

அடுத்தது, எப்படி அளந்தார்கள் என்பது. எஞ்சினை டைனமோமீட்டரில் பூட்டி அளக்கும்போது ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எல்லாம் இருந்தால் அது நெட். கழற்றிவிட்டு அளந்தால் கிராஸ். அமெரிக்காவில் 1972-இல் நெட் முறைக்கு மாறியபோது, கார்வெட்டின் அடிப்படை எஞ்சின் காகிதத்தில் 270-லிருந்து 200-க்கு இறங்கியது. மாறியது பெரும்பாலும் அளக்கும் முறைதான். நெட் கணக்கிலும் ஏசி கம்ப்ரசர் சேராது என்பதை மறக்காதீர்கள்.

விளம்பரத்தில் பிஎஸ் என்றிருக்கிறதா, பிஹெச்பி என்றிருக்கிறதா? இரண்டும் குதிரைத்திறன் அலகுகள்தான். 100 பிஎஸ் என்பது 98.6 பிஹெச்பி. சின்ன வித்தியாசம்தான், இதற்காகச் சண்டை போட வேண்டாம்.

ட்யூனிங் கடையில் சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு அளப்பது வேறு விஷயம். கியர்பாக்ஸ், ஆக்சில், டயர் எல்லாம் தின்றது போக மிஞ்சியதையே அது காட்டும். அந்த எண்ணைக் கம்பெனி எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒரே அளவீட்டு இயந்திரத்தில், ஒரே வானிலையில், ட்யூனிங் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்தால் மட்டுமே பயன். கொல்கத்தாவின் மே மாதத்து 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி 25 டிகிரியில் இருப்பதைவிட 4 சதவீதம் குறைவு. ஈரப்பதமும் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் இது காலுக்கே தெரியும்.

வாங்குவதற்கு முன் குடும்பத்தை ஏற்றி, ஏசியைப் போட்டு, மா மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு டீலர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு டீலரிடம் போங்கள்.