நிலத்தைப் போர்க்கும் நாட்டுச் செடிகள்

புணே நகரின் கிழக்குப் பகுதியில், ஹடப்சரை அடுத்துள்ள மகர்பட்டா முன்னாளில் கரும்பு விளைந்த நிலமாகும். உழவர்கள் தம் நிலங்களை ஒன்றுசேர்த்ததால், 400 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அங்கு ஒரு நகரியம் உருவாயிற்று. இத்தகைய இடங்களில் வீட்டுத் தோட்டம் அமைப்போர், மரஞ்செடிகளுக்கு இடையேயுள்ள வெற்று நிலத்தைப் பற்றியும் கருதுதல் வேண்டும்.

வெற்று நிலத்தின் தீமை

புணேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடும். மூடப்படாத மண்மீது மழைத்துளி மோதும்போது மண் துகள்கள் சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. நீர் உட்புகாது மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. கோடையிலோ கரிசல் மண் ஈரமிழந்து சுருங்கி வெடிக்கிறது. தரையோடு படரும் செடிகளின் இலைகள் துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பிணிக்கின்றன. நிழல் ஈரத்தைக் காக்கிறது.

ஏற்ற செடிகள்

வெயில் படும் இடத்திற்குப் பொடுதலை உகந்தது. இதன் தண்டு கணுதோறும் வேர்விட்டுப் படரும்; சிறு பூக்களைத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடும். நிழலும் ஈரமும் உள்ள இடத்திற்கு வல்லாரை ஏற்றது. மக்கள் நடக்கும் இடத்தில் அறுகே நிலைக்கும். ஆயினும் அது பாத்திகளுக்குள் புகாதவாறு காத்தல் வேண்டும். ஈரப்பாங்கான பகுதியில் மஞ்சள் கரிசலாங்கண்ணியை வளர்க்கலாம். இவை ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்க, கோடையில் அளவான நீர் இன்றியமையாதது.

நடும் முறை

கோரை முதலிய களைகளைக் கிழங்கோடு அகற்றி, மட்கிய எருவைக் கலக்க வேண்டும். முதல் மழைக்குப் பின், இரண்டு மூன்று கணுக்களுள்ள தண்டுத் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நடலாம். செடிகள் தரையை மூடும் வரை களையெடுத்தல் அவசியம்.

ஓர் எச்சரிக்கை

மஞ்சள் கரிசலாங்கண்ணியை ஒத்த அமெரிக்கச் செடியொன்று, வெடேலியா என்னும் பெயரால் நாற்றங்கால்களில் விற்கப்படுகிறது. உலகின் மிகக் கேடான அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறினைக் குறித்து 2000ஆம் ஆண்டில் வெளியான பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. வெட்டியெறிந்த துண்டும் வேரூன்றிப் பரவும். ஆகவே இதனை ஓடைக்கரையில் கொட்டலாகாது. இரண்டையும் இலையைக் கொண்டே பிரித்தறியலாம். அயற்செடியின் இலை பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். நாட்டுச் செடியின் இலை மடலின்றிக் குறுகி நீண்டிருக்கும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஒரே அளவுள்ள இரு தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒன்றில் மட்டும் பொடுதலையை வளர்க்க வேண்டும். அது மண்ணை மூடியபின், இரண்டையும் ஒரே சாய்வில் வைத்துப் பூவாளியால் சம அளவு நீர் தெளிக்க வேண்டும். வடியும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து ஒரு நாள் அசையாது வைத்தால், அடியில் படியும் வண்டலின் வேறுபாட்டை மாணவர் தாமே கண்டறிவர்.