பரணை ஒரே நாளில் இறக்காதே

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பாவையும் அம்மாவையும் உன்னோடு அழைத்துக்கொள்வது நல்ல முடிவு. ஆனால் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக் கும்பகோணம் வீட்டைக் காலி செய்துவிடலாம் என்கிறாயே, அதற்கு என் மனம் ஒப்பவில்லை. சாமான் குறையத்தான் வேண்டும். வீட்டை ஒப்படைக்க ஆறு மாதம் இருக்கும்போது அந்த ஆறு மாதத்தையும் எடுத்துக்கொள் என்கிறேன். அவசரத்தில் நாம் பொருளைத் தள்ளிவிடத்தான் முடியும். கொடுப்பதென்றால் யாருக்கு, அவருக்கு அது ஆகுமா என்று விசாரிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்ததே, நினைத்துப் பார். அனுப்பியவர்கள் இரக்கத்தோடுதான் அனுப்பினார்கள். என்ன வேண்டும் என்று கேட்காமல் மூட்டை கட்டியதால் அதில் பெரும்பகுதி சாலையோரம் குவிந்து மண்ணில் புரண்டது. எல்லாம் இழந்து நின்ற மீனவக் குடும்பங்களுக்கும் பிறர் உடுத்திக் களைந்ததை உடுத்த மனம் வரவில்லை. நிவாரண வேலைக்கு அது இன்னொரு சுமையானது. அம்மாவின் புடவைகளை ‘ஏதாவது ஓர் இல்லத்தில் போட்டுவிடலாம்’ என்று எழுதியிருக்கிறாய். எந்த இல்லம், அங்கே இருப்பவர்கள் புடவை கட்டுகிறவர்களா, நைட்டி போடுகிறவர்களா என்று முதலில் கேள்.

காகிதங்களில் இன்னும் நிதானம் வேண்டும். காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா பழைய புத்தகங்களோடு இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டுதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் அமைந்தது. அப்பாவின் தகரப் பெட்டியில் அப்படி ஏதும் இல்லாமலே போகலாம். இல்லை என்பதும் பிரித்துப் பார்த்தால்தானே தெரியும்? ஒரு வாரக் கணக்கில் அந்தப் பெட்டி பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் புத்தகம் எழுதிய மாரி கோண்டோ ஒரே மூச்சில் ஒழுங்குபடுத்தச் சொல்கிறாரே என்பாய். தன் பொருளைத் தானே கழிக்கிறவருக்கு அது சரிப்படலாம். நீ கை வைக்கப் போவது அப்பா அம்மா இருவரும் புழங்கிய பொருள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பை கொடுத்தார்கள். அது கைக்கு வந்து சற்று நேரம்கூட ஆகாதவர்கள், மற்றவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். சற்று நேர உரிமைக்கே இவ்வளவு பிடிப்பு என்றால், கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாவை அம்மா விட மறுப்பதைப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது? கோண்டோ சொல்லும் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்: துணி முதலில், நினைவுப் பொருள் கடைசியில். எளியதில் தொடங்கினால் பெரியவர்களுக்கும் மனம் பழகும்.

மெதுவாகச் செய்தால் ஒன்றும் நகராது என்ற உன் பயம் நியாயமானது. அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் ஓர் அலமாரியாவது காலியாகட்டும். காலாவதியான மாத்திரை, விரிசல் விட்ட பிளாஸ்டிக், ஓடாத மிக்ஸி போன்றவற்றுக்கு யோசனையே வேண்டாம். முதல் நாளே வெளியேற்று. மாத்திரையைக் குப்பையில் கொட்டாமல் மருந்துக் கடையில் கேட்டுச் செய்.

அண்டாவுக்குக் காயலான் கடையில் பித்தளை எடைதான் விலை. அன்னதானம் நடக்கும் கோயிலிலோ கல்யாணச் சமையல் செய்பவரிடமோ அது அடுப்பேறும். யாருக்குக் கொடுப்பது என்பதை அம்மாவே சொல்லட்டும், முடிந்தால் கையோடு கூட்டிப் போய் அவரையே கொடுக்கச் சொல். ஆட்டுக்கல்லை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா