நின்று பெய்யும் புயல்: நாம் அறிய வேண்டிய மூன்று காரியங்கள்



"புயல் வருது" என்றவுடன் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "காத்து எவ்வளவு வேகம்?" அதுதானே! ஆனால் வெள்ளத்தைக் குறித்துப் பயப்படுகிறவர்கள் கேட்க வேண்டியது வேறொன்று: "புயல் எவ்வளவு வேகமா நகருது?" இந்தப் பாடத்தில் அதையே உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

இரண்டு புயல்களைப் பாருங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 110 கி.மீ. இருந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஆனாலும் சாயங்காலத்துக்குள் கரையைக் கடந்துவிட்டது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதன் காற்று வர்தாவைவிடக் குறைவுதான். ஆனால் அது பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது! 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ. மழை. அதாவது ஒரு கிரவுண்டு மனையின் மேல் மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். ஜனங்களைப் படகில் மீட்க ராணுவம் வர வேண்டியதாயிற்று.

முதலாவது, புயல் ஏன் நிற்கிறது? புயல் தானாய் நகருகிறதில்லை. அதைச் சுற்றி வீசும் பெரிய காற்றோட்டமே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்தக் காற்று பலவீனமானாலோ, இருபுறமும் எதிரெதிராய்த் தள்ளினாலோ, புயல் தயங்கி நிற்கும். கடலின் ஈரத்தை இழுத்து ஒரே பகுதியில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, "புயல் வலுவிழந்தது" என்று கேட்டு அசட்டையாய் இராதிருங்கள். அது காற்றைக் குறித்த வார்த்தை; மழையைக் குறித்தது அல்ல. ஃபெஞ்சல் வலுவிழந்து உள்ளே போன டிசம்பர் 1-ந் தேதிதான் திருவண்ணாமலையில் மலைமண் சரிந்து ஏழு பேர் மாண்டுபோனார்கள்.

மூன்றாவது, மழை விட்டாலும் வெள்ளம் விடுகிறதில்லை. மேற்கே பெய்த மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியுமுன் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. நம்ம ஊரில் வானம் வெளுத்துவிட்டதே என்று ஆற்றோரம் திரும்பிப் போகாதிருங்கள்.

ஆகையால் அன்பானவர்களே, அறிக்கையில் "மெதுவாக நகர்கிறது", "நிலைகொண்டுள்ளது" என்ற வார்த்தைகளைக் கவனித்துக் கேளுங்கள். கேட்டவுடனே குடிதண்ணீரையும் மருந்தையும் எடுத்து வையுங்கள். பத்திரங்களையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளையும் உயரத்தில் ஏற்றுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் முன்னே மெயின் சுவிட்சை அணையுங்கள். ஓடுகிற தண்ணீரில் இறங்காதிருங்கள். பள்ளமான தெருவில் தனியாய் இருக்கிற பாட்டியம்மாவை, நடக்கமுடியாத ஐயாவை வெளிச்சம் இருக்கும்போதே மேட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். நின்று பெய்யும் புயல் நமக்குச் சில மணி நேரம் தவணை தருகிறது. அந்தத் தவணையை வீணாக்காதிருப்போமாக!